இரண்டே வெற்றி

கேள்வி: பத்து ஆட்டத்தில் எட்டுத் தோல்வி! 1971-இல் மார்ஷல் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி வாங்கிய மார்க் இது. இதற்குப் போய் சினிமா வேறு எடுத்திருக்கிறார்களே?

பதில்: இறங்கி ஆட ஆளே மிஞ்சாத அணியிடம் நீங்கள் எத்தனை வெற்றி கேட்பீர்கள்? 1970 நவம்பர் 14 இரவு, வெளியூர் ஆட்டம் முடிந்து திரும்பிய விமானம், மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டன் அருகே மலைச்சரிவில் விழுந்தது. 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 37 பேர் ஆட்டக்காரர்கள். தலைமைப் பயிற்சியாளரும் போய்விட்டார். அடுத்த செப்டம்பரில் அந்த அணி மைதானத்துக்கு வந்ததே, அதற்கு எந்தப் பட்டியலில் மார்க் போடுவது?

கேள்வி: ஆள் இல்லாமல் எப்படி ஆடினார்களாம்?

பதில்: முதலாமாண்டுப் பிள்ளைகளை வைத்து. முதன்மை அணியில் அவர்களை இறக்க அன்றைய விதி இடம் தரவில்லை; கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு விலக்கு தந்தது. வேறு விளையாட்டு ஆடியவர்களையும் புதிய பயிற்சியாளர் ஜாக் லெங்யெல் சேர்த்துக்கொண்டார். பாதிப் பேருக்கு மீசையே சரியாக முளைத்திருக்காது.

கேள்வி: சரி, ஜெயித்த இரண்டையாவது சொல்லுங்கள்!

பதில்: இரண்டு வெற்றி, இரண்டுமே இரண்டே புள்ளியில்! பவுலிங் கிரீன் அணியை 12-10. அதற்கு முன், சொந்த ஊரில் ஆடிய முதல் ஆட்டத்தில் சேவியர் அணியை 15-13. அந்த ஆட்டத்தில் நேரம் முடிந்த கடைசி நகர்வில், மார்ஷலின் ரெஜி ஆலிவர் எறிந்த பந்தைச் சக ஆட்டக்காரர் டெர்ரி கார்ட்னர் கோட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். வெகுநேரம் வரை ஹன்டிங்டன் ரசிகர்கள் மைதானத்தை விட்டுப் போகவில்லை.