அக்னித் தலத்தில் ஒரு ஹீட்டர்

பழைய காரின் ஹீட்டர் தானாக எதையும் எரிப்பதில்லை. எஞ்சினைச் சுற்றிவரும் தண்ணீர், சுமார் 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் சூட்டில், இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் போய்த் திரும்பும். ஃபேன் அதன்மேல் காற்றை ஊதும். அந்தச் சூடான காற்று காலடிக்கும் முன்கண்ணாடிக்கும் வந்து சேரும். ஏ.சி. கேஸுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் ஹீட்டர் சூடாகவில்லை என்று கேஸ் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஏ.சி. நன்றாகக் குளிரும்.

பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்கு உரியது திருவண்ணாமலை. இந்த ஊர் ஒர்க்‌ஷாப்பில் "ஹீட்டர் சரியா வேலை செய்யல" என்றால், மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன் சொன்னவரின் முகத்தைப் பார்ப்பார். "எதுக்கு சார் ஹீட்டரு? வெயிலு பத்தலியா?" கேள்வி நியாயமானதுதான், சித்திரையில். 2,668 அடி உயர மலை உச்சியில் தீபம் எரிகிற கார்த்திகையில் கதை வேறு. மழை பிடித்துக்கொண்டால், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஐந்து பேர் மூச்சு விடுகிற காரில் முன்கண்ணாடி பனித்துப்போகும். ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறுகையில் துண்டையும் பிடித்திருப்பார். ஜவ்வாது மலைக்கோ ஏற்காட்டுக்கோ மார்கழியில் போகிறவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

இந்தப் பக்கத்து ஹீட்டர்கள் பெரும்பாலும் தாமாகக் கெடுவதில்லை. எஞ்சினைக் குளிர்விக்கப் பல கைகள் பல கோடைகளாகப் பாடுபட்டதன் பலன் அது. முதல் பலி தெர்மோஸ்டாட். உள்ளே மெழுகு வைத்த சின்ன வால்வு அது. தண்ணீர் ஏறக்குறைய 82 டிகிரிக்கு வரும்வரை ரேடியேட்டருக்கு வழிவிடாது. ஒருமுறை வண்டி ஆவி கக்கி நின்றால் போதும், "இது நம்ம ஊருக்கு வேணாம் சார்" என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். அதன்பின் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே ஓடும். பைபாஸில் வேகமெடுத்தால் டெம்பரேச்சர் முள் அடிமட்டத்தை விட்டு எழுந்திருக்காது. எஞ்சினே சூடாகாதபோது ஹீட்டர் எங்கிருந்து சூட்டைக் கொண்டுவரும்? தெர்மோஸ்டாட் இருந்தும் சந்தேகமென்றால், நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைக்கலாம். கொதி வருமுன் அது திறந்துகொள்ள வேண்டும். டீ போடும் பாத்திரத்தை இதற்கு எடுக்காமலிருப்பது குடும்பத்துக்கு நல்லது.

அடுத்தது தண்ணீர். கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் உப்புப் போர்த் தண்ணீரை ஊற்றினால், குட்டி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் துருவும் உப்பும் படிந்து அடைக்கும். லீக் ஆனால் இன்னும் சுலபம்: இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்துக் கிளாம்ப் போட்டு, ஹீட்டரையே ஒதுக்கிவிடுவார்கள். டேஷ்போர்டில் நாப் மட்டும் பதவியில் இருக்கும், அதிகாரம் இருக்காது.

1958-இல் வந்த அம்பாஸடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது. அதன் பழைய எஞ்சினில் ஹீட்டருக்குத் தண்ணீர் எடுக்கும் இடம் சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் உண்டு. ஹீட்டர் இல்லாத வண்டியில் அங்கே தகடு போட்டு மூடியிருக்கும். தகடு தென்பட்டால் ஆராய்ச்சி அங்கேயே முடிந்தது.

மற்ற வண்டிகளில் ஆறிய எஞ்சினில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துவிட்டு, நன்றாகச் சூடானபின் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட். ஒன்று கொதித்து மற்றது ஆறியிருந்தால் அடைப்பு, அல்லது ஹீட்டர் வால்வு மூடிக்கிடக்கிறது. அடைப்பை எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு அலசினால் காவி நிறத்தில் ஒரு வண்டல் வரும். உள்ளே காற்று சிக்கியிருப்பதும் உண்டு. அதற்கு ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி, நாப்பைச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டால் குமிழ் வெளியேறும்.

இரண்டு ஹோஸும் கொதித்தால் தண்ணீர்மேல் பழியில்லை, குற்றம் காற்றோட்டத்தில். ஃபியூஸ் போயிருக்கலாம், நாப்பின் கேபிள் கழன்றிருக்கலாம். இந்த ஊரில் இன்னொன்றும் உண்டு. கண்ணாடியின் அடியிலுள்ள காற்றுத் துவாரத்தின்மேல் பிள்ளையார் ஒட்டப்பட்டிருப்பார். அவருக்குப் பௌர்ணமிதோறும் வைத்த பூவும் வில்வ இலையும் காய்ந்து உள்ளே விழுந்திருக்கும், விபூதியும் கூடவே. பிள்ளையாரை நான்கு அங்குலம் நகர்த்தினாலே பாதிக் காற்று திரும்பிவிடும். நகர்த்தச் சொல்லும் தைரியம்தான் எந்த மெக்கானிக்குக்கும் இருப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஹீட்டரும் ஒரு ரேடியேட்டர்தான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் சூடேறும்போது ஹீட்டரை முழுதாகத் திறந்து ஃபேனைப் போட்டால், சூட்டில் ஒரு பங்கு காருக்குள் வந்துவிடும். பயணிகள் வேர்த்துக் கொட்டுவார்கள், எஞ்சின் பிழைக்கும். சூட்டுக்குப் பயந்து ஹீட்டரை ஒதுக்கியவருக்கு இந்த உதவி கிடைக்காது.

ஆகவே கார்த்திகைக்கு முன்பே கூலன்டை மாற்றி, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். வாங்கும்போது கேஸ்கெட்டையும் சேர்த்து வாங்குங்கள். பழையது கழற்றும்போதே கிழிந்துவிடும்.