பச்சைத் தோலும் பழம்தான்

கேள்வி: இறக்குமதித் தோடம்பழம் பொன்னாக மின்னுகிறது. நம் பிபிலைத் தோடை பச்சையாகவே இருக்கிறது. எதை வாங்குவது?
– ஒரு வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: பிபிலைத் தோடையை வாங்குங்கள், தங்கச்சி. தோல் பொன்னிறமாவதற்கு இரவுக் குளிர் வேண்டும். சூடான நம் நாட்டில் பழம் முற்றி இனித்தாலும் தோல் பச்சை மாறாது. நிறம் காலநிலையின் கையெழுத்து. இனிப்புக்கு அது சாட்சி இல்லை.

தோடம்பழத்தின் அருமையை உங்கள் துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள் அறியும். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோயில் வாடிய 12 மாலுமிகளில் இருவருக்குத் தோடம்பழமும் எலுமிச்சையும் கொடுத்தார். ஆறே நாளில் அவர்கள் தேறினார்கள். ஆனாலும் பிரித்தானியக் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்க உத்தரவிட்டது 1795இல்தான். திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் பிடித்ததும் அதே ஆண்டு. கோட்டை விழச் சில வாரம் போதும். பழத்தின் பெருமை விளங்க 48 ஆண்டு!

இன்று தோடம்பழச் சாற்றை உலகுக்கு அதிகம் விற்கும் நாடு பிரேசில். பெட்ரோல்போல் தாங்கிக் கப்பலிலேயே சாறு போகிறது. நமக்கோ பிபிலை இருக்கும் மொனராகலையிலிருந்து லொறியில் பழமாகவே வருகிறது.

பச்சை என்று ஒதுக்காதீர்கள். கையில் எடுத்துப் பாருங்கள். கனத்தால் சாறு நிச்சயம்.