வடக்கே பார்த்த டிஷ்

முப்பத்தொரு வருசம் புவியியல் படிப்பித்தவன் நான். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகள் நிற்கின்றன என்று கரும்பலகையில் கீறிக் காட்டி, கொப்பியில் கோணலாகக் கீறியவனின் காதைத் திருகியும் இருக்கிறேன். அந்தக் காதுகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரன்தான் கடைசியில் என் கூரையில் ஏறினான்.

அது 2022. மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. வரிசையில் நிற்காமலே காசு போன ஒரே இடம் எங்கள் டிவி. மாதம் பிறந்தால் டிஷ்ஷுக்கு ரீலோட் போட வேண்டும். "இத வெட்டிருவோம்" என்றேன் வீட்டம்மாவிடம்.

"அப்ப நாடகம்?"

"எல்லாம் சும்மாவே வரும். டிஜிட்டல்!"

அந்தச் சொல்லை அன்று நான் உச்சரித்த தோரணையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

றக்வானையிலிருந்து பஸ் ஏறி இரத்தினபுரிக்குப் போனேன். ஒரு டிஜிட்டல் பெட்டி, ஒரு அண்டனா, பதினைந்து மீற்றர் வயர். டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஜப்பான் முறையை எடுப்பதென்று 2014இல் அரசாங்கம் முடிவு செய்ததைப் பேப்பரில் வாசித்திருந்தேன். எட்டு வருசத்தில் வராமலா இருக்கும்? தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்கத் தொடங்கியதிலிருந்து, 2021இல் அது கைக்கு வந்து சேரும்வரை தோட்டத்திலேயே இருந்து பார்த்தவனுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

மூங்கில் கழியில் அண்டனாவைக் கட்டி, கூரைத் தகரம் நெளிய நெளிய நின்று திருப்பினேன். கீழே பெட்டி தேடியது. ஒரு சனலும் இல்லை. மறுபடியும் தேட வைத்தேன். ஏழாவது தடவைக்குப் பிறகுதான் போனில் விசாரித்தேன். முடிவானது ஜப்பான் முறை, நான் வாங்கியது ஐரோப்பிய முறைப் பெட்டி, எங்கள் மலைக்கு வந்துகொண்டிருந்ததோ பழைய அனலொக். மூன்றும் மூன்று திக்கு.

பெட்டியைக் கழற்றிவிட்டு வயரை நேராக டிவியில் குத்தியதும் நேத்ரா வந்தது, வசந்தம் வந்தது. வந்தது என்றால், அரிசி புடைக்கும்போது சுளகுக்குப் பின்னால் ஆள் தெரிவது போல. சூரியகந்தையில் கோபுரங்கள் நிற்கின்றன, தூரமும் இல்லை. நடுவில் மலை. இந்த அலை நேர்கோட்டில் போகும், மலையைச் சுற்றி வராது. அதுவும் நான் படிப்பித்த பாடம்தான்.

அதோடு நின்றிருக்கலாம். தூர்தர்ஷன் 2004 முதல் நடத்தும் இலவச டிஷ் ஒன்று உண்டு, மாதக் காசு கிடையாது என்று யாரோ சொன்னார்கள். பழைய டிஷ் ஒன்றைப் பிடித்தேன். இந்தியா எங்கே? வடக்கே. சனல் எங்கிருந்து வருகிறது? இந்தியாவிலிருந்து. டிஷ்ஷைத் தனுஷ்கோடியைப் பார்க்கத் திருப்பி இறுக்கினேன். இரண்டு அந்திகள் நான் கூரையில், அவள் யன்னலில். "வந்துச்சா?" "இல்லீங்க." "இப்ப?" "இல்லீங்க." பணிய லயத்துப் பிள்ளைகள் இதைப் பார்க்க இஸ்தோப்பில் வந்து குந்திவிட்டார்கள். எங்கள் லயத்தில் அந்த இரண்டு நாளும் நல்ல நிகழ்ச்சி அதுதான்.

மூன்றாம் நாள் வந்தான், காதுக்காரன். கீழேயிருந்தே கேட்டான்.

"சேர், செய்மதி எங்க நிக்குது?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"பூமத்திய ரேகைக்கு மேலன்னு நீங்கதானே சேர் சொல்லிக் குடுத்தீங்க. அது நமக்குத் தெக்கால்ல இருக்கு?"

அந்தச் செய்மதி நிற்பது கிழக்கு நெட்டாங்கு 93.5 பாகையில். நாம் இருப்பது 80இல். தென்கிழக்கே திருப்பி, ஏறக்குறைய வானத்தையே பார்க்க வைத்தான். பத்து நிமிசம். படம் கண்ணாடி மாதிரி விழுந்தது.

ஹிந்தி. அடுத்தது ஹிந்தி. அதற்கடுத்தது போஜ்பூரி என்று அவன் சொல்லித்தான் தெரியும். தமிழுக்குப் பொதிகை கிடைத்தது. ஒரு பாகவதர் ஆலாபனையில் இருந்தார். வீட்டம்மா மரியாதைக்கு இரண்டு நிமிசம் கேட்டுவிட்டு, "இவர் முடிச்சோன்ன நாடகமா?" என்றாள். அவளுடைய நாடகச் சனல் காசுச் சனல் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மழை இறங்கியதும் பாகவதரும் போய்விட்டார். இரத்தினபுரிப் பக்கம் மழை எத்தனை நாள் பெய்யும் என்று தெரிந்தவர்களுக்கு, நாங்கள் பொதிகையை எத்தனை நாள் பார்த்திருப்போம் என்பதும் தெரியும்.

அந்தியானால் அவள் டோர்ச்சை எடுத்துக்கொண்டு பணிய லயத்துக்கு, அவன் வீட்டுக்கே நாடகம் பார்க்கப் போகத் தொடங்கினாள். திரும்பி வந்து கதையைச் சொல்வாள். கேட்காத மாதிரிப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். கதாநாயகிக்கு விசம் வைத்த கிழமை, பேப்பரை மடித்து வைத்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

"வாங்க சேர்" என்று பிளாஸ்டிக் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டான். விளம்பரம் ஓடும்போது மெதுவாகக் கேட்டான்: "சேர், நம்ம டிஷ்ஷு எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு சொல்லுங்க பாப்போம்."

இந்த முறை விடுவேனா? "தென்கிழக்கு" என்றேன்.

சின்னவன் ஒருத்தன் டோர்ச்சோடு வெளியே ஓடினான். "மேக்கால சேர்!" என்று கத்தினான். கம்பனிக்கு ஒரு செய்மதியாம்.

என் கை தன்பாட்டில் காதைத் தேடிப் போனது.