கம்ப்யூட்டர் குணமாகிவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வாரத்துக்கு இரண்டு தடவை நீலத் திரையைக் காட்டிவிட்டுத் தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர் ஒரு குடும்பச் சொத்து. பிள்ளைக்கு ப்ராஜெக்ட் முடிக்காததற்குக் காரணம் கிடைக்கிறது. அப்பாவுக்குத் திட்டுவதற்கு ஒரு பொருள் கிடைக்கிறது. பக்கத்துத் தெரு சர்வீஸ் தம்பிக்குப் பிழைப்பு நடக்கிறது. இத்தனை பேர் வயிற்றில் அடித்து அதைச் சரிசெய்வானேன்? நோய் நீடித்து நிலைக்கக் கீழ்க்கண்ட விதிகளைக் கடைப்பிடிக்கவும்.

1. திரையில் வருவதைப் படிக்காதீர்கள்

நீலத் திரையில் கொட்டை எழுத்தில் ஒரு குறியீடு வரும். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றிருந்தால் முதலில் ரேமைச் சந்தேகிக்கலாம். 'வியா அன்கரெக்டபிள் எரர்' என்றிருந்தால் பெரும்பாலும் வன்பொருளில்தான் கோளாறு. சில நேரம் எந்த டிரைவர் கோப்பு காலை வாரியது என்று பெயரையே போட்டுக் கொடுத்துவிடும். இதையெல்லாம் செல்போனில் படம் எடுத்து வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஆகவே குறியீடு தெரிந்த உடனே பவர் பட்டனை அமுக்கிவிடுங்கள். 2025-இல் விண்டோஸ் 11 இந்தத் திரையைக் கறுப்பாக்கிவிட்டது. நிறம் மாறியதற்காகப் படிக்காத வழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

2. 41-ஐக் கண்டதும் கொண்டாடுங்கள்

யாராவது விவரம் தெரிந்தவர் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பாக ஒரு வரி தெரியும். "கண்டுபிடிச்சாச்சு!" என்று கத்தவும். அந்த வரி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கம்ப்யூட்டர் முறையாக அணைக்கப்படாமல் நின்றுபோனது. அதை நேரில் பார்த்தவரே நீங்கள்தான். தப்பித்தவறி 'ரிலையபிலிட்டி மானிட்டர்' பக்கம் போய்விடாதீர்கள். எந்தத் தேதியில் எந்த அப்டேட் ஏறியது, எந்தத் தேதியிலிருந்து சிஸ்டம் விழ ஆரம்பித்தது என்று நாள்வாரியாகப் படம் போட்டுக் காட்டிவிடும்.

3. எதற்கும் ஃபார்மட்

"சார், விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கு. ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்" என்று தம்பி சொன்னால் மறுபேச்சுப் பேசாதீர்கள். பழுது ரேமில் இருக்க, விண்டோஸைப் புதிதாகப் போடுவது காய்ச்சலுக்கு மொட்டை அடிப்பது மாதிரி. ஆனாலும் மொட்டை அடித்ததும் ஒரு நிம்மதி வரத்தான் செய்கிறது. கல்யாண ஃபோட்டோக்கள் சி டிரைவில் டெஸ்க்டாப்பில்தான் இருந்தன என்பது மறுநாள் நினைவுக்கு வந்தால் போதும்.

4. ரேமைத் தேய்க்கும் கலை

சிபியுவின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் ஃபேன் இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் கம்பளி போலத் தூசி, மூலையில் இரண்டு பல்லி முட்டை ஓடுகள். இவற்றைக் கண்டுகொள்ளாமல் ரேமை மட்டும் உருவி, அதன் தங்க நிறப் பட்டைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, துகளை வாயால் ஊதி, எச்சில் தெறிக்க மீண்டும் மாட்டவும். ஜாக்கிரதை, இந்த வைத்தியம் சில சமயம் உண்மையிலேயே பலித்துவிடும். தளர்ந்திருந்த ரேம் ஸ்லாட்டில் 'டக்' என்று சரியாக உட்கார்ந்துவிடுவதும் ஒரு காரணம். தூசியை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். சூடு ஏறி, நீலத் திரைகூட வராமல் பொசுக்கென்று அணைய அது தேவை.

5. எஸ்எம்பிஎஸ்ஸில் சிக்கனம்

முப்பதாயிரத்துக்கு கிராஃபிக்ஸ் கார்டு வாங்குங்கள். அதற்கு மின்சாரம் தர, கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸே போதும். சாதாரண வேலை செய்யும்போது ஒன்றும் ஆகாது. கேமைத் திறந்ததும் கார்டு மின்சாரத்தை இழுக்க, சிஸ்டம் சாயும். பழியைக் கேம் மீது போடவும்.

6. புதிதாகச் செருகியதைச் சந்தேகிக்காதீர்கள்

1998 ஏப்ரலில் சிகாகோவில் காம்டெக்ஸ் கம்ப்யூட்டர் கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, உதவியாளர் ஒரு ஸ்கேனரைச் செருகினார். விண்டோஸ் 98 கூட்டத்துக்கு முன்னால் நீலமாகிப் போனது. பில் கேட்ஸுக்கே அந்தக் கதி. ஆனாலும் போன வாரம் நீங்கள் வாங்கிய மலிவு வைஃபை டாங்கிள் குற்றமற்றது என்று நம்புங்கள்.

7. ரீஸ்டார்ட் வேண்டாம், ஷட்டவுன் போதும்

விண்டோஸ் 8-இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று உண்டு. அது இயங்கினால், ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் மையப்பகுதி அப்படியே டிஸ்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அதே நிலையில் எழுந்து வரும். நேற்றைய கோளாறும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே ராத்திரி ஷட்டவுன், காலையில் புலம்பல்.

8. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள்

ரேம், டிரைவர், ஆன்டிவைரஸ், கேபிள் என்று ஞாயிற்றுக்கிழமையில் அனைத்தையும் மாற்றிவிடவும். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மறுபடி விழுந்தால் எதனால் விழுந்தது என்றும் தெரியாது. இந்த ஒரு விதி போதும், மற்ற ஏழும் தேவையில்லை.

எச்சரிக்கை

கீழ்க்கண்டவற்றைச் செய்தால் கம்ப்யூட்டர் குணமாகிவிடும் அபாயம் உண்டு. முதலில் முக்கியக் கோப்புகளை வெளியே நகல் எடுத்துக்கொள்வது. ரேமைச் சோதிக்கும் 'மெம்டெஸ்ட்86'-ஐ ராத்திரி முழுக்க ஓடவிடுவது. அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிப்பது. 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ'வில் டிஸ்கின் உடல்நிலையைப் பார்ப்பது. தூசி தட்டுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, வழக்கமாக எத்தனை நாளுக்கு ஒருமுறை விழுமோ அதைவிட அதிக நாள் பொறுத்துப் பார்ப்பது.

இப்படிச் செய்து சரியாகிவிட்டால் வாயைத் திறக்காதீர்கள். அடுத்த ஞாயிறு அபார்ட்மென்ட் முழுக்க ஆளுக்கொரு சிபியுவைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலில் நிற்பார்கள்.