மெட்ராஸ் மாப்ளைக்கு ஒரு புத்திமதி

வா மாப்ளே, உக்காரு. பொங்கலுக்கு வந்த நாள்லருந்து அமெரிக்கா அரசியலையே அலசிக்கிட்டு இருக்க. நல்லதுதான், உலகம் தெரியணும். ஒண்ணே ஒண்ணு கேக்கேன்: மெட்ராஸ்ல உன் வார்டு நம்பர் என்ன?

முழிக்காதய்யா. மொத்தமே 200தான். கண்ண மூடிக்கிட்டு ஒண்ணச் சொல்லியிருந்தாக்கூட பலிச்சாலும் பலிச்சிருக்கும்.

போகட்டும், தெரியாம இருக்கதுதான் சொகம். வார்டு தெரிஞ்சா கவுன்சிலர் பேரு தெரிஞ்சிரும். பேரு தெரிஞ்சா வீடு தெரிஞ்சிரும். வீடு தெரிஞ்சா நடந்து போயிக் கேக்கணும். கால் வலிக்குமில்ல?

ஆனா உங்க ஊரக் கட்டுனவன் வெவரமானவன். மாநகராட்சி இருக்க ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்துலயே விக்டோரியா ஹால். பம்மல் சம்பந்த முதலியாரோட சுகுண விலாச சபாக்காரங்க வேசங்கட்டி நடிச்ச எடம். அந்த ஹால்தான் மூத்தது. மாநகராட்சி மாளிகை 1913லதான் வந்துச்சு. பக்கத்து வீட்டப் பாத்து நடிப்பு படிச்சதான்னு நான் கேக்க மாட்டேன், எனக்கு எதுக்கு வம்பு. புகார் நம்பரும் அதே 1913தான். மறக்க முடியாத நம்பர். நீ ஒருநாளும் அடிச்சதில்ல.

உங்க பொறுமைக்குக் கோயில் கட்டலாம் மாப்ளே. 1973ல மாநகராட்சி மன்றத்தக் கலைச்சாங்க. அடுத்த தேர்தல் 1996ல. இருபத்து மூணு வருசமும் இடைவேளைன்னு நெனச்சு முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தீங்க. 2016லருந்து 2022 வரைக்கும் மறுபடியும் மன்றம் காலி. மறுபடியும் முறுக்கு.

கோமல் சுவாமிநாதன் 1980ல 'தண்ணீர் தண்ணீர்' நாடகம் போட்டாரு. தண்ணிக்குத் தவிக்கிற பட்டிக்காட்டுக் கதை. 'பாவம் கிராமத்தானுக'ன்னு சபாவுல கைதட்டுனீங்க. 2019 ஜூலைல ஜோலார்பேட்டையிலருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி ரயிலேறி உங்க ஊருக்கு வந்துச்சே, அப்ப நாங்க கைதட்டல. மரியாதை தெரிஞ்சவங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல படகு, 2019ல தண்ணி ரயிலு, 2023 டிசம்பர்ல மறுபடியும் படகு. இந்த மாதிரி சீன் மாத்த எந்த நாடகக் கம்பெனியாலயும் முடியாது.

நெசமா நாடகம் போடுதவன் பாடுதான் திண்டாட்டமா இருந்துச்சு. முன்னெல்லாம் வசனத்தப் போலீஸ்கிட்டக் காட்டி ஒப்புதல் வாங்கணும்னு சட்டம். நாடகக்காரர் ஞாநி கோர்ட்டுக்குப் போயி வழக்காடுனாரு. 2013ல ஐகோர்ட் அந்தச் சட்டப் பிரிவுகளச் செல்லாதுன்னு சொல்லிருச்சு. ஒருத்தரு எந்திரிச்சுக் கேட்டதுக்கு அம்புட்டுப் பலன். நீங்க லட்சக்கணக்குல உக்காந்தே இருக்கீங்க.

ரகசியமா ஒண்ணு சொல்லுதேன், வெளிய சொல்லிராத. இப்ப உங்க ஊர்ல வார்டு கமிட்டி, ஏரியா சபைன்னு சட்டத்துலயே எடம் வச்சிருக்காங்க. எங்க கிராமசபை மாதிரிதான். நீ போயிராத. போனா நாற்காலி குடுத்துருவாங்க. அப்புறம் மழைநீர்க் கால்வாய எப்பத் தூர்வாருவீகன்னு கேக்க வேண்டியதாயிரும். பதில் வந்துட்டா அடுத்த மழைக்கு வாட்ஸ்அப்ல எதப் போட்டுப் பொலம்புவ?

அதே மாதிரி மாம்பலம் டைம்ஸு, அடையார் டைம்ஸுன்னு பேட்டைப் பேப்பரு வாசல்ல வந்து விழுமே, வடைக்கு எண்ணெ உறிஞ்ச வச்சிருப்பீகளே, அதையும் படிச்சிராத. உன் தெருக் குழியப் பத்தி டெல்லிப் பேப்பரு எழுதுத வரைக்கும் காத்திரு.

சரி, கிண்டல் போதும், சாப்பிட வா. போறதுக்கு முன்னால இத மட்டும் மனசுல வச்சுக்கோ. நாடகத்துக்கு ஓசிப் பாஸ் கேக்காத, காசு குடுத்துச் சீட்டு வாங்கி உக்காந்து பாரு. மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருக்க சொத்துவரியாச் சீட்டுக் காசக் கட்டிக்கிட்டுத்தான இருக்க. அங்க உக்காந்து வேடிக்கை பாக்காத, எந்திரிச்சுக் கேளு.