ஜீப் ஏறும் மலை

கேள்வி: என் பழைய டீசல் ஜீப்பில் அடிக்கடி கொடைக்கானல் போகிறேன். மூன்று வருஷத்தில் இரண்டு முறை ஹெட் கேஸ்கட் போய்விட்டது. கேஸ்கட் மட்டமா, என் நேரம் மட்டமா?

பதில்: ஹெட் மட்டமாக இல்லை! பழைய டீசலில் காற்றை ஏறத்தாழ 20 மடங்கு அமுக்கினால்தான் தீயே பிடிக்கும். அத்தனை அழுத்தத்தையும் அடைத்து நிற்பது அந்த மெல்லிய தகடு. எஞ்சின் ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே ஹெட் வளைந்துவிடலாம். அதன்மேல் புதுக் கேஸ்கட் போடுவது, கோணல் நிலையில் நேர்க்கதவு மாட்டுகிற கதை. லேத்தில் மட்டம் பார்த்தார்களா? போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, டார்க் ரெஞ்ச் வைத்துப் படிப்படியாக முறுக்கினார்களா? மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். உலை கொதிப்பதுபோல் விடாமல் குமிழி வந்தால் கேஸ்கட் மறுபடியும் கிளம்பிவிட்டது. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்புப் படிந்து அடைக்கும். கூலன்ட் ஊற்றி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வத்தலக்குண்டிலேயே ஃபேன் பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு மலை ஏறுங்கள்.