அந்தரத்தில் நிற்கும் உத்தியோகம்

ஹெலிகாப்டர் ஓட்டக் கற்பவர் முதலில் திண்டாடுவது அதை ஓரிடத்தில் நிறுத்திவைக்கத்தான். இடது கையில் உள்ள நெம்புகோல் வண்டியை ஏற்றும், இறக்கும். வலது கையில் உள்ள கோல் போக வேண்டிய திசையைச் சொல்லும். கால்கள் இரண்டும் மிதிகட்டைகளில் இருந்து வால் விசிறியை ஆட்டி மூக்கைத் திருப்பும். கேட்க எளிதுதான். ஆனால் இடது கையைச் சற்று உயர்த்தினால் மூக்கு தானாகத் திரும்பிக்கொள்ளும். அதைக் காலால் சரிசெய்தால் வண்டி பக்கவாட்டில் நழுவும். அதை வலது கையால் இழுத்துப்பிடித்தால் உயரம் குறையும். உயரத்துக்கு மறுபடியும் இடது கை. ஒன்றைத் திருத்துவதற்குள் மூன்று கெட்டிருக்கும்.

1939 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவில் விஎஸ்-300 என்ற தன் ஹெலிகாப்டரை முதன்முதலாகத் தரையைவிட்டுக் கிளப்பிய இகோர் சிகோர்ஸ்கி, அது எங்கும் போய்விடாமல் கட்டிவைத்துத்தான் கிளப்பினார். அக்காலப் படங்களில் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருக்கிறார். மானம் போனாலும் மரியாதையாகப் போகட்டும் என்று நினைத்திருக்கலாம்.

கோலை அசைத்த பிறகு வண்டி அசையச் சிறிது நேரம் பிடிக்கும். பொறுக்காதவர் இன்னும் கொஞ்சம் அசைப்பார். குளறுபடி அங்கேதான் தொடங்குகிறது. தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர் தேர் விலகிய பிறகு கட்டையைத் தேடினால் என்ன ஆகும்? விமானியும் விலகப்போவதை முன்கூட்டியே உணர்ந்து, விரல் நுனியால் திருத்த வேண்டும். சில வாரங்களில் இது கைவந்துவிடும். எப்படி வந்தது என்று கேட்டால் வந்தவருக்கும் சொல்லத் தெரியாது.

இவ்வளவு பாடுபட்டு ஓட்டினாலும், அம்பை என்கிற அம்பாசமுத்திரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால், "யாருல வாரா?" என்றுதான் கேட்பார்கள். "யாருல ஓட்டுதா?" என்று கேட்டவர் இல்லை. 2014 மக்களவைத் தேர்தலின்போது ஜெயலலிதாவின் ஹெலிகாப்டரைப் பார்த்து அமைச்சர்கள் குனிந்து கும்பிட்டதை நாடே பார்த்தது. அந்தக் கும்பிடில் விமானிக்கு எவ்வளவு பங்கு என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கரைபுரண்டு, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சிக்கியபோது வானிலிருந்துதான் சாப்பாடு வந்தது. அன்றும் எல்லோரும் பொட்டலத்தைத்தான் பார்த்தார்கள்.

இத்தொழிலுக்கு இரண்டு வழிகள். முதலாவது சீருடை வழி. அரக்கோணத்தில் 1992-இல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தில் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. சேத்தக் ஹெலிகாப்டரில் பழக்குகிறார்கள். விமானப்படைக்காரர்கள் ஹைதராபாத் அருகே ஹக்கிம்பேட்டையில் கற்கிறார்கள். சம்பளமும் கொடுத்துச் சொல்லித்தருவது இங்கேதான்.

இரண்டாவது, சொந்தக் காசு வழி. 18 வயது, பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம், 150 மணி நேரப் பறப்பு, வானிலை முதல் விமானச் சட்டம் வரை தேர்வுகள், வானொலியில் பேசத் தனி உரிமம் என்று பட்டியல் நீளும். மணிக்கணக்கில் கட்டணம் என்பதால் கற்பவர் மேலே போகப்போக அப்பாவின் வங்கிக் கணக்கு கீழே இறங்கும். வானிலைத் தேர்வில் மட்டும் அம்பைப் பிள்ளைக்குச் சற்று வசதி உண்டு. தென்மேற்குக் காற்று பொதிகையைத் தாண்டி இறங்கும் பக்கத்தில் பிறந்தவர். அப்படி மலையைத் தாண்டி இறங்கும் காற்று ஹெலிகாப்டரைக் கீழே அமுக்கும் என்பது பாடத்தில் வரும்.

இன்ஜின் நின்றால் என்ன செய்வது என்பதும் பாடத்தில் உண்டு. மனித சுபாவம் வண்டியை மேலே இழுக்கச் சொல்லும், அது ஆபத்து. இடது கையை உடனே இறக்கிவிட வேண்டும். அப்போது கீழிருந்து வரும் காற்றே மேல் விசிறியைச் சுழலவைக்கும். அந்தச் சுழற்சியைச் சேமித்துவைத்துக் கடைசி நேரத்தில் செலவிட்டு இறங்கலாம். செலவைக் கடைசிவரை தள்ளிப்போடும் திருநெல்வேலிக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

வேலை மும்பைக் கடலின் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் கொண்டுபோவதில் கிடைக்கும். 1985-இல் பவன் ஹன்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டதே பெரும்பாலும் அதற்காகத்தான். இல்லாவிட்டால் கேதார்நாத், வைஷ்ணவதேவி யாத்திரை. மகன் விமானியாகி உலகம் சுற்றுவான் என்றிருந்த அம்மா, அவன் ஒரே மலைக்கோயிலுக்கு நாளெல்லாம் போய்த் திரும்புவதை அறிந்ததும் புண்ணியம் என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். கேதார்நாத் 3,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே காற்று மெலிவு. தூக்கும் திறன் குறையும். அதனால் பக்தர்களை எடைபோட்டுத்தான் ஏற்றுகிறார்கள்.

அம்பையிலிருந்து யாராவது கிளம்புவதாக இருந்தால், வயலை விற்பதற்கு முன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண்ணும் காதும் தேறாவிட்டால் உரிமம் கிடைக்காது. கட்டிய பணமும் திரும்பாது.